உள்தாழ்ப்பாள்

இரவு பத்தரை மணி. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, அரசுப் பொது மருத்துவமனை மதிலோரம் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு மூட்டை. பழைய புடவையில் சுற்றி, அதைச் சாக்குக்குள் திணித்து, பிளாஸ்டிக் கயிறு போட்டு இறுக்கியிருக்கிறார். மழை தூறுகிறது. மூட்டையை மதிலுக்கும் முதுகுக்கும் நடுவே ஒதுக்கிவிட்டு, தான் நனைந்துகொண்டிருக்கிறார்.

என்னுடன் வந்த பெண் களப்பணியாளருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வீடற்றோர் காப்பகம் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. கையில் ஃபிளாஸ்க், நாலு பேப்பர் கப். "டீ குடிக்கிறியா ஆயா?" என்று கேட்டுக்கொண்டே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. தோள்பையில் இருந்த நோட்டுப் புத்தகம் வெளியே வரவே இல்லை. பத்து நிமிடம் மழையைப் பற்றியும், மதில்மேல் படுத்திருந்த பூனையைப் பற்றியும் பேச்சு.

அது நாலாவது இரவு. "மொத நாள் திட்டித் தொரத்துச்சு சார். ரெண்டாம் நாள் டீயை வாங்கிக் கீழ ஊத்திடுச்சு. நேத்துதான் குடிச்சுது" என்றார் அந்தப் பெண். கிளம்பும் நேரத்தில் பாட்டியே வாய் திறந்தார்.

"அங்க வந்தா இந்த மூட்டைய வச்சிக்க உடுவாங்களா?"

"வச்சிக்கலாம் ஆயா. ஒருத்தரும் தொட மாட்டாங்க."

ரோட்டைக் கடந்ததும் அவர் செய்த முதல் வேலை, காப்பகத்துக்குப் போன் போட்டது. பூட்டுப்போடும் அலமாரி ஒன்று காலியாக இருக்கிறதா என்று கேட்டார். வாக்குக் கொடுத்தாயிற்று, இனி அலமாரி கிடைத்தாக வேண்டும்.

வீடு இல்லாதவருக்கு வீடு கொடுப்பது அரசின் வேலை, கட்டடத்தின் வேலை, நிதி ஒதுக்கீட்டின் வேலை என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திட்டங்கள் காகிதத்தில் இருக்கின்றன. அந்த மதிலோரம் பாட்டியும் இருக்கிறார். நடுவில் இருக்கும் தூரத்தை யாராவது ஒருவர் கூடவே நடந்துதான் கடக்க வைக்க வேண்டியிருக்கிறது. அந்த நடையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் என் தெருமுனையில் ஒரு பெரியவர் காலில் புண்ணோடு கிடந்தார். ஓர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அங்கிருந்து இன்னொரு எண், அங்கிருந்து மூன்றாவது எண். "ஆளு எந்த ஏரியா லிமிட்ல இருக்காரு?" என்றார்கள். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது அவர் அங்கே இல்லை. அவர் எங்கே போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் குற்ற உணர்ச்சிதான் என்னை இந்தப் பெண்ணோடு இரவில் நடக்க வைத்தது.

ஒரே இரவில் எண்ணப்பட்டவர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 இரவு வீடற்றவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதில் பாதிக்கு மேல் நகரங்களில். கூரையுள்ள கட்டடத்துக்கு வெளியே அந்த ஓர் இரவில் கண்ணில் பட்டவர்கள் இவர்கள். நள்ளிரவுக்கு மேல் மூடிய கடையின் படிக்கட்டில் வந்து படுத்து, விடியுமுன் எழுந்து போகிறவரை எந்தக் கணக்கெடுப்பாளர் பார்த்திருப்பார்?

சென்னையில் வீடற்றோர் என்றால் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. மண்ணடி, பூக்கடை, சௌகார்பேட்டைப் பக்கம் மூன்று தலைமுறையாகப் பிளாட்பாரத்தில் வாழும் குடும்பங்கள் உண்டு. பாட்டி பிறந்ததும் அதே பிளாட்பாரம், பேத்தி ஸ்கூலுக்குக் கிளம்புவதும் அதே பிளாட்பாரம். ஆண்கள் மூட்டை தூக்குவார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுவார்கள். பெண்கள் கடை பெருக்குவார்கள், பூ கட்டுவார்கள். இவர்களுக்கு வேலை இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, கதவுதான் இல்லை. தனியாக ஊரைவிட்டு வந்து ஹோட்டலிலும் கட்டட வேலையிலும் கூலிக்கு நின்று, வயசானதும் கைவிடப்பட்ட ஆண்கள் இன்னொரு பக்கம். பிள்ளைகள் வெளியே தள்ளிய முதியோர், கணவனிடம் அடி தாங்காமல் வெளியேறிய பெண்கள், திருநங்கைகள், மனநலம் குன்றி வழி தப்பியவர்கள் என்று பட்டியல் நீளும். ஒவ்வொருவருக்கும் வீட்டுக்குப் போகும் பாதை வேறு. எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றி ஒரே ஹாலில் இறக்கிவிட்டால், மறுவாரமே பாதிப் பேர் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். களத்தில் இருப்பவர்களுக்கு இது அத்துப்படி.

காப்பகம் ஒரு நடுவழி

டெல்லியில் 2009 டிசம்பர் குளிரில் ஒரு தற்காலிகக் காப்பகத்தை இடித்துத் தள்ளினார்கள். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் என்.சி.சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் இதை நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். அதிலிருந்து பிறந்த 2010-ம் ஆண்டு உத்தரவுகள்தான், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று ஆக்கின. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது. ஓர் ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவுகூடக் குறித்தார்கள். சென்னையில் மாநகராட்சி இடம் தரும், தொண்டு நிறுவனங்கள் நடத்தும். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, முதியோருக்குத் தனி, மனநலம் பாதித்தோருக்குத் தனி. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளிகளின் உறவினர் தங்குவதற்கும் உண்டு.

ஐம்பது சதுர அடி என்றால் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும். பிளாட்பாரத்தில் படுத்தவருக்கு அது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் அதுவே முடிவிடமாகிவிட்டால் நாம் தோற்றோம் என்று பொருள். காப்பகத்தில் உண்மையான வேலை நடப்பது கட்டில் இருக்கும் ஹாலில் இல்லை, வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருங்கிணைப்பாளரிடம். அந்த மேசையில் நான் ஒரு முழுப் பகல் உட்கார்ந்திருந்தேன்.

காலை வந்தவர் நாற்பது வயதுக்காரர். இருபது வருடம் பரோட்டா மாஸ்டர். கை நடுக்கம் வந்ததும் வேலை போயிற்று. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. முதியோர் ஓய்வூதியத்துக்கு வயது போதாது, மருத்துவக் காப்பீட்டுக்கு ரேஷன் கார்டு வேண்டும், ரேஷன் கார்டுக்கு ஆதார் வேண்டும், ஆதாருக்கு முகவரிச் சான்று வேண்டும். முகவரி இல்லை என்பதுதானே அவர் பிரச்னையே! இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர், இவர் இங்கே தங்கியிருக்கிறார் என்று சான்றிதழ் கொடுத்தால் ஆதாருக்கு அது முகவரிச் சான்றாகும். படிவத்தில் கதவு எண், தெரு, வார்டு எல்லாம் காப்பகத்தினுடையது.

சொல்லும்போது இரண்டு வரி. நடைமுறையில் அது நாலு நாள். கைரேகை பதியவில்லை, பரோட்டாக் கல்லில் வெந்த விரல்கள். மையத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். விரலில் தேங்காய் எண்ணெய் தடவி, இரண்டு நாள் கழித்து மறுபடி கூட்டிப்போனார்கள். அங்கே இருந்தவர், "காப்பக லெட்டர் எல்லாம் செல்லாதுங்க" என்றார். ஒருங்கிணைப்பாளர் பையிலிருந்து விதிமுறையின் நகலை எடுத்து நீட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். "இதே நகலை எத்தனை வாட்டி காட்டியிருப்பேன்னு கணக்கே இல்ல" என்றார் என்னிடம். கோபம் இல்லை, அலுப்புகூட இல்லை. சாதாரணமாகச் சொன்னார்.

அந்த மாஸ்டர் தனியாகப் போயிருந்தால் முதல் தடவையே திரும்பியிருப்பார். "செல்லாதுங்க" என்ற ஒரு சொல் போதும், ஒருவரை மறுபடி பிளாட்பாரத்துக்கு அனுப்ப. கூட ஒருவர் இருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

கணக்கெடுப்பு நாளில் எங்கே இருந்தீர்கள்?

குடும்பங்களின் பாதை வேறு விதம். அவர்களுக்கு வீடு என்றால் குடிசை மாற்று வாரியம். 1970-ல் தொடங்கிய அந்த வாரியத்துக்கு 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஜனங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். வீடு வேண்டுமென்றால் முதலில் பட்டியலில் பெயர் வர வேண்டும். பட்டியலுக்குக் கணக்கெடுப்பு. கணக்கெடுப்புக்கு வருகிற நாளில் நீங்கள் அந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒரு தாய் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருப்பார். ஒரு அண்ணன் நைட் லோடுக்குப் போயிருப்பார். திரும்பி வந்தால், "நீங்க லிஸ்ட்ல இல்லியேம்மா."

இங்கே களப்பணியாளரின் வேலை, வரப்போகும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பிளாட்பாரம் பிளாட்பாரமாகச் சொல்லி வைப்பது. அன்றைக்கு ஒருவரும் வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. விட்டுப்போனவர்களின் மனுவை எழுதிக் கொடுப்பது. பழைய வாக்காளர் அட்டை, குழந்தையின் தடுப்பூசி அட்டை, ஸ்கூல் டி.சி என்று எதிலாவது அந்தத் தெருவின் பெயர் இருக்கிறதா என்று தேடுவது. ஒரு அம்மா, மகளின் தடுப்பூசி அட்டையை மூன்று பாலிதீன் கவருக்குள் வைத்திருந்தார். பத்து வருட மழைக்குத் தப்பிய காகிதம் அது ஒன்றுதான்.

பெயர் வந்தாலும் கதை முடிவதில்லை. வீடு கிடைப்பது பெரும்பாலும் நகரத்தின் தென் விளிம்பில். 2000-ம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாகப் பெரும்பாக்கம். விடிகாலை நாலு மணிக்கு மண்ணடியில் லோடு இறக்குகிறவருக்குப் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு கொடுத்தால், அவர் எந்த பஸ்ஸில் வருவார்? பூ கட்டுகிற பெண்ணுக்கு அங்கே யார் பூ வாங்குவார்கள்? சில குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிளாட்பாரத்துக்கே திரும்பிவிட்டன. உடனே நாம் சொல்கிறோம்: "வீடு கொடுத்தாலும் இவங்க திருந்த மாட்டாங்க." இதைவிடக் கொடுமையான பேச்சு எனக்குத் தெரியாது. அவர்கள் வேலையைத் தேடித் திரும்பினார்கள். ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு பார்க்க நாம் எத்தனை புரோக்கர்களிடம் அலைகிறோம்!

பொறுப்பான நிறுவனங்கள் சாவி கைக்கு வந்த பிறகுதான் தங்கள் பாதி வேலை தொடங்குகிறது என்கின்றன. ரேஷன் கடை மாற்றம், பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கை, அம்மாவுக்கு அருகில் ஏதாவது வேலை. இந்த மூன்றும் முதல் மாதத்தில் நடந்தால் குடும்பம் தங்கும்.

பெயர் மறந்தவர்களுக்கு

எல்லாவற்றிலும் கடினமான பாதை, மனநோயோடு தெருவில் அலைபவர்களுடையது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகினார்களே, நினைவிருக்கிறதா? வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். யாருமே கொண்டுவந்து விடாதவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இவர்களுக்காக இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது. ஒன்று, பிரிவு 100. மனநோயோடு திரியும் ஒருவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது; 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்; காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர் போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். இன்னொன்று, பிரிவு 19. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது; சமூகத்தில் வாழ அவருக்கு உரிமை உண்டு. இந்த இரண்டாவது வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். குணமான பிறகும் போக இடமில்லாமல் வார்டிலேயே பத்து, இருபது வருடம் கிடந்தவர்களுக்காக எழுதப்பட்ட வரி அது.

குடும்பத்தைத் தேடும் வேலை துப்பறியும் வேலைக்குக் குறைந்ததில்லை. ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டார், ஆனால் ஆத்தங்கரையில் ஒரு மசூதி, பக்கத்தில் சர்க்கரை ஆலை என்பார். பேச்சில் ஒரு சொல் வரும். அது எந்த ஜில்லாவின் சொல் என்று கண்டுபிடிப்பார்கள். வடநாட்டவர் என்றால் அந்த மொழி தெரிந்த யாரையாவது பிடித்துப் பேசவைப்பார்கள். காவல் நிலையத்துக்குப் போன், பஞ்சாயத்துக்குப் போன், வாட்ஸ்அப்பில் போட்டோ. கண்டுபிடித்ததும் ரயிலேறிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மாத்திரை தொடர்ந்து கிடைக்க ஏற்பாடும் செய்துவிட்டு வருவார்கள்.

வீட்டில் ஏற்காதவர்கள், வீடே இல்லாதவர்கள், திரும்பிப் போக விரும்பாதவர்கள் மீதம் இருக்கிறார்கள். 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் இளம்வயதில் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு, தெருவில் தவிக்கும் மனநலம் குன்றிய பெண்களுக்காகப் பிறந்தது. மீட்பது, சிகிச்சை தருவது, ஊருக்கு அனுப்புவது என்று வருடங்கள் ஓடியபின், ஊருக்கு அனுப்ப முடியாதவர்கள் அங்கேயே தங்கிவிட்டதைப் பார்த்தார்கள். 2015-ல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டம் வந்தது. கருத்து எளிமையானது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குடும்பம்போல, சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் வாழ்வது. யாரோடு வாழ்வது என்பதை அவர்களே முடிவுசெய்வார்கள். துணைக்கு ஒரு உதவியாளர். பெரிய படிப்பு தேவையில்லை, அக்கம்பக்கத்துப் பெண்ணாக இருந்தால் நல்லது. சென்னையின் தெற்கே கோவளம் பக்கத்துக் கிராமங்களிலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. இந்த முறை பிறகு மற்ற மாநிலங்களுக்கும் போயிற்று. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சமூக மனநலச் சேவைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியில், ஆதரவோடு வாழும் வீடுகளுக்கு எடுத்துக்காட்டாகச் சென்னையின் இந்தத் திட்டத்தையும் சேர்த்தது.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஹவுஸ் ஓனரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு என்று இந்தத் துறையில் இருக்கும் ஒரு பெண்மணி சொன்னார். "மனநோய்னு சொன்னதும் முகம் மாறிடும். ஒளிச்சு வச்சு வீடு எடுக்கிறதில்லை நாங்க. உள்ளதைச் சொல்லுவோம். பத்து பேர் முடியாதும்பாங்க. பதினொண்ணாவது ஆளு, 'எங்க சித்திகூட இப்படித்தான் இருந்தாங்க'ன்னு சொல்லி சாவியக் குடுப்பாரு."

எழுபத்தாறு படிகள்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஒரு காலத்தில், வீடற்ற முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் தெருவிலிருந்து நிரந்தர வீட்டுக்குப் போக 76 படிகளையும் 720 நாட்களையும் தாண்ட வேண்டியிருந்தது. நாட்டுக்காகச் சண்டை போட்டவருக்கே இந்த நிலை. 2012 வாக்கில் நகரத்தின் தொண்டு நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரே பதிவு, ஒரே வரிசை என்று முடிவுசெய்தார்கள். யார் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் பெயர் அந்த ஒரே வரிசையில் ஏறும். குடியை நிறுத்து, வேலை தேடு, பிறகு வீடு என்ற நிபந்தனை இல்லை. முதலில் வீடு, மற்றவை பிறகு. பத்து ஆண்டுகளில் 25,000 பேருக்கு மேல் வீடு போய்ச் சேர்ந்தார்கள். காத்திருப்பும் சுமார் ஒரு மாதமாகச் சுருங்கியது.

நான் பார்த்த காப்பகங்களில் ஒவ்வொன்றும் தன் பதிவேட்டைத் தானே வைத்திருந்தது. ஒரு காப்பகத்தில் கதை முழுக்கச் சொன்னவர், இன்னொன்றுக்கு மாறினால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அப்பா செத்தது, கணவன் அடித்தது, குழந்தையை இழந்தது எல்லாம் மறுபடி. ஒரே பதிவேடு கொண்டுவரப் பெரிய செலவாகாது. மனது வைத்தால் முடியும், வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். கூட நடக்கும் இந்தப் பிள்ளைகளின் சம்பளம் மிகக் குறைவு. அதுவும் மானியம் வரும்போதுதான் வரும். நான் சந்தித்த ஒருவர் மூன்று மாதமாகச் சம்பளம் இல்லாமல், தன் காசில் பஸ் ஏறி, தன் காசில் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வருடம் பொறுத்துவிட்டுக் கால் சென்டருக்குப் போய்விட்டவர்கள் பலர். ஒருவர் வேலையை விட்டுப் போனால், நாலு இரவு டீ குடித்து வந்த நம்பிக்கையும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் முதல் இரவிலிருந்து தொடங்க வேண்டும்.

சென்ட்ரல் பாட்டி ஆறாவது இரவில் காப்பகத்துக்கு வந்தார். அலமாரிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். மூன்று வாரத்தில் ஒரு நாள் காலை மூட்டையோடு காணாமல் போனார். களப்பணியாளர் பதறவில்லை. மறுபடி ஃபிளாஸ்க் எடுத்துக்கொண்டு மதிலோரம் போனார். பாட்டி அங்கேதான் இருந்தார். "பூனைக்கு யாருமில்ல" என்றாராம். இப்போது திரும்ப வந்துவிட்டார். ஓய்வூதிய மனு தாலுகா ஆபீஸில் இருக்கிறது.

கடைசியாக, சென்னைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நாலு பெண்கள் சேர்ந்து வாழும் ஒரு வாடகை வீட்டுக்குப் போனேன். வாசலில் கோலம். உள்ளே ரசத்துக்குப் பெருங்காயம் போடுவதா வேண்டாமா என்று சண்டை. என்னை உட்காரச் சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா, பதினோரு வருடம் தெருவில் இருந்தவர், வீட்டைச் சுற்றிக் காட்டினார். அரிசி டப்பா, சாமி படம், டிவி. குளியலறைக் கதவுக்கு வந்ததும் நின்றார். கதவைச் சாத்தி, உள்ளே போய், தாழ்ப்பாளைப் போட்டார். க்ளிக் என்று சத்தம் கேட்டது. திறந்து வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"உள்ளாரயிருந்து போட்டுக்கலாம் தம்பி" என்றார். "வந்த புதுசுல ஒரு நாளைக்குப் பத்து வாட்டி போட்டுப் போட்டுப் பாப்பேன்."

சமையலறையிலிருந்து ஒரு குரல்: "இப்பவும் பாக்குறாங்க சார். நாங்கதான் வெளிய நிக்கிறோம்."

அக்கா சிரித்துக்கொண்டே ரசத்தைப் பார்க்கப் போனார்.